யப்பானியர் தட்டிலே கறிச்சோறு

‘கறி’ என்னுஞ் சொல் நமது அடுக்களையிற் பிறந்தது. அது ஆங்கிலேயரின் நாவிலேறி, கப்பலிற் பயணஞ் செய்து, கீழ்த்திசைக் கோடியிலுள்ள யப்பானை அடைந்து, அங்கே ‘கரே’ என வழங்குகின்றது. சொல்லோடு பண்டமும் போயிற்று. ஆயினும் போனபடியே போய்ச் சேரவில்லை. டோக்கியோ நகரத்துச் சந்தொன்றில் ‘கரே’ எனப் பலகை தொங்கும் சாப்பாட்டுக் கடையுட் புகுந்து, தம் வீட்டுக் குழம்பைத் தேடும் தமிழர் ஏமாற்றமடைவர். அதனை யப்பானியரின் அன்றாட உணவென எண்ணி உண்பவரோ மகிழ்வர்.

அத்தகைய கடையொன்றினுள் நாமும் நுழைவோம். வாயிலிற் கண்ணாடிப் பெட்டியுள் உணவு வகைகளின் மாதிரிகள், உண்மைச் சோறோ என மயங்கத்தக்கவாறு அடுக்கப்பட்டிருக்கும். மொழி அறியாதார் அவற்றைச் சுட்டிக் காட்டினாலே போதும். சில கடைகளில் வாயிலண்டை ஓர் இயந்திரம் நிற்கும். பணத்தை இட்டுப் பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும். உள்ளே நீண்ட மேசை ஒன்றும் அதன் முன் சில இருக்கைகளுமே இருக்கும். கேளாமலே குளிர்நீர் வரும். குழம்பு பெரிய பாத்திரத்திற் கொதித்தபடியே இருத்தலால் தட்டு வருவதற்குச் சில நிமிடங்களே ஆகும். பெரும்பாலும் ஆயிரம் யென் அளவில் வயிறு நிறைந்துவிடும். பணியாளர்க்குச் சன்மானம் வைக்கும் வழக்கம் அங்கு இல்லை.

தட்டின் ஒரு பாதியில் வெண்சோறு, மறுபாதியிற் கபிலநிறக் குழம்பு. அரிசி குறுகியது, சோறு ஒன்றோடொன்று ஒட்டும். உண்பது குச்சிகளால் அன்று, கரண்டியால். கோதுமை மாவைக் கொழுப்பில் வறுத்துக் கறித்தூள் சேர்ப்பதனாற் குழம்பு தடித்திருக்கும். உருளைக்கிழங்கு, கரட், வெங்காயம் என்பவற்றுடன் டோக்கியோப் பக்கத்திற் பன்றியிறைச்சியும் ஒசாக்காப் பக்கத்தில் மாட்டிறைச்சியும் பெரிதும் சேரும். தேங்காய்ப்பாலோ, பழப்புளியோ, கறிவேப்பிலையோ, தாளிதமோ இல்லை. முதலில் இனிப்பும் பின்னர் மெல்லிய உறைப்பும் தோன்றும். பக்கத்தில் ‘புக்குஜின்சுக்கே’ என்னும் ஊறுகாய் இருக்கும். முள்ளங்கி, கத்தரிக்காய், தாமரைக்கிழங்கு முதலியவற்றை நறுக்கிச் சோயாச்சாற்றிலும் சீனியிலும் ஊறவைத்தது அது. நம்மவரின் எலுமிச்சை ஊறுகாய்க்கு அது ஈடாகாது என்பதே எமது துணிபு. ஆயினும் அந்தக் குழம்புக்கு அதுவே பொருந்துகின்றது.

இந்தத் தடித்த குழம்பு யப்பானுக்கு நேரே இந்தியாவிலிருந்து வந்ததன்று. மெய்ஜி மன்னர் காலத்தில் ஆங்கிலேயரின் உணவாகவே அது வந்தது. 1872 ஆம் ஆண்டில் வெளிவந்த மேல்நாட்டுச் சமையல் நூலொன்று தவளையிட்டுக் கறி சமைக்கக் கற்பித்தது! 1908 ஆம் ஆண்டிற் கடற்படையின் சமையற் கைந்நூலிலும் கறிச்சோறு இடம்பெற்றது. கடற்காப்புப் படையினர் வெள்ளிக்கிழமைதோறும் கறிச்சோறு உண்ணும் வழக்கத்தை இன்றும் பேணுகின்றனர். வெள்ளிக்கிழமை நமக்கு மரக்கறி நாள். அவர்க்கோ இறைச்சிக்கறி நாள்.

இக்குழம்பைக் கண்டு மனம் பொறாத இந்தியர் ஒருவரும் இருந்தார். அவர் வங்கத்துப் புரட்சியாளர் ராஷ் பிகாரி போஸ். 1915 ஆம் ஆண்டில் ஆங்கில அரசின் பிடிக்குத் தப்பி யப்பான் சென்ற அவருக்கு, டோக்கியோவின் சிஞ்சுக்குப் பகுதியிலுள்ள நாக்கமுராயா என்னும் வெதுப்பக உரிமையாளர் குடும்பம் அடைக்கலம் அளித்தது. 1918 இல் அவ்வீட்டு மகளையே அவர் மணந்தார். 1927 இல் அக்கடையில் உணவுச்சாலை தொடங்கியபோது, மாவில்லாத உண்மையான இந்தியக் கறியை அங்கே பரிமாறச் செய்தவர் அவரே. விலையோ மற்றைக் கடைகளிலும் பல மடங்கு. ஆயினும் மக்கள் தேடிவந்து உண்டனர். பின்னாளில், 1943 ஆம் ஆண்டிற் சிங்கப்பூரிலே சுபாஸ் சந்திர போசிடம் இந்திய சுதந்திர இயக்கத்தின் தலைமையைக் கையளித்தவரும் இவரே. மலாயாத் தமிழர் பலர் அவ்வியக்கத்திற் சேர்ந்தனர் என்பது யாவரும் அறிந்ததே. நாடிழந்த மனிதருக்கு ஊர்க்கறியின் சுவை எத்தகையது என்பதை, இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் எம்மவர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

எனினும் சந்துக் கடைகள் போசின் வழியைப் பின்பற்றவில்லை. மாவிட்ட குழம்பே அங்கு நிலைத்தது. 1963 இல் அப்பிளும் தேனுஞ் சேர்ந்த கறிக்கட்டி விற்பனைக்கு வந்ததன்பின் சிறுவரும் அதனை விரும்பினர். பாடசாலை மதிய உணவிலும் கறிச்சோறு மாணவரின் விருப்பத்துக்குரியதாயிற்று. போசின் கறியும் பிழையன்று, சந்துக் கடைக் குழம்பும் பிழையன்று. முன்னது ஒருவர் நினைவிற் சுமந்து சென்ற ஊர். பின்னது வேறோர் ஊர் தனக்கெனச் சமைத்துக்கொண்டது.

கோதுமை இழையப்பம் விற்கும் கடைகளில் வேறொரு வகையுண்டு. ‘உதொன்’ என்னும் தடித்த மாவிழைகளைக் கறிச்சாற்றில் இட்டுத் தருவர். அச்சாற்றுக்கு அடிப்படை, சூரை மீனை அவித்துப் புகையூட்டி உலர்த்திச் சீவிய ‘கத்சுஒபுஷி’. நம் சம்பலில் இடிபடும் மாசிக்கருவாடும் அதே மீனே. யப்பானியர் கடையிற் பழகிய வாசனை எழுந்தால் வியக்க வேண்டா.

மாணவர்க்கு உகந்த இடம் டோக்கியோவின் ஜிம்போச்சோ. பழைய புத்தகக் கடைகள் நிறைந்த அத்தெருக்களிற் கறிக்கடைகளும் மலிந்துள்ளன. ஒரு கையிற் கரண்டியும் மறுகையிற் புதிதாய் வாங்கிய நூலுமாக உண்பதற்குக் கறிச்சோறு வசதியானது என்பர். நூலிற் கறை படாதிருப்பது அவரவர் திறமை.

சைவ உணவினர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘மரக்கறிக் கறி’ என எழுதியிருப்பினும், கறிக்கட்டியில் மிருகக் கொழுப்பும் சாற்றில் இறைச்சியோ மீனோ இருத்தல் கூடும். கேட்டறிந்தே உண்ணல் வேண்டும். ஒசாக்காவில் இலங்கைச் சோறும் கறியும் விற்கும் கடைகள் பல இருத்தலால், அங்கு செல்வோர்க்குப் பருப்புக்கறியேனும் கிடைக்கும்.

உண்டு முடித்தோர் ‘கொச்சிசோசமா’ என்று சொல்லி எழுவர். விருந்துக்கு நன்றி என்பது அதன் கருத்து. அடுப்படியில் நிற்பவரின் காதில் விழும்படி சொல்வது வழக்கம்.