புதுத் தொழில் முயற்சிக்குச் சர்க்கார் உதவி: மானியமும் வரிச் சலுகையும்

புது யந்திரத்தையோ புது முறையையோ கையாளத் துணிபவன் இருவகை இடர்களுக்கு உள்ளாகிறான். முயற்சி பலிக்காவிடில் போட்ட முதல் நஷ்டமாகும். பலித்தாலோ, அயலார் அம்முறையைச் செலவின்றிக் கற்றுப் பயனடைவர். ஆதலால் அப்பளுவில் ஒரு பங்கைச் சர்க்கார் ஏற்பது பல தேசங்களில் வழக்கமாயிற்று. சென்னை மாகாணத்தில் 1922-ஆம் வருஷத்துக் கைத்தொழில் உதவிச் சட்டம் இத்தகைய நோக்கத்துடன் இயற்றப்பெற்றதேயாகும்.

இவ்வுதவி இருவகைப்படும். மானியம் என்பது செலவில் ஒரு பகுதியைச் சர்க்கார் பணமாகக் கொடுப்பது. வரிச் சலுகை என்பது செலுத்தவேண்டிய வரியைக் குறைப்பது. வரிச் சலுகையிலும் இரு முறைகள் உண்டு. ஒன்று, லாபக் கணக்கிலிருந்து கழித்தல். இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற ஆராய்ச்சிச் சாலையில் கம்பெனிகள் செலவிட்ட 100 ரூபாய்க்கு, 2010-11 முதல் 2016-17 முடிய 200 ரூபாய் லாபத்தினின்றும் கழிக்கப்பெற்றது. வரி நூற்றுக்கு 30 வீதமாயின், மிச்சமாவது 60 ரூபாய். இச்சலுகை 2017-18 முதல் 150 ரூபாயாகவும், 2020-21 முதல் 100 ரூபாயாகவும் குறைக்கப்பட்டது.

மற்றொன்று, வரித் தொகையிலிருந்தே நேராகக் கழித்தல். அமெரிக்காவில் 1981-ஆம் வருஷச் சட்டப்படி, ஆராய்ச்சிச் செலவு முந்திய மூன்று வருஷங்களின் சராசரிக்கு மேற்பட்ட தொகையில் நூற்றுக்கு 25 வீதம் இவ்வாறு கழிக்கப்பெற்றது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். லாபமில்லாதவனுக்கு வரியில்லை, வரியில்லாதவனுக்கு வரிச் சலுகையால் உடனடிப் பயனுமில்லை. புதுத் தொழிலுக்கோ முதல் வருஷங்களிலேயே உதவி தேவை. இக்குறையை நீக்கவே கனடா தேசத்தில் சிறு கம்பெனிகளுக்கு, வரி இல்லாவிடினும், ஆராய்ச்சிச் செலவில் ஒரு வரம்புக்குட்பட்டு நூற்றுக்கு 35 வீதம் பணமாகவே அளிக்கப்படுகிறது.

கிராமச் சிறு தொழிலுக்கு மானியமே பெரும்பாலும் ஏற்றது. 2020-இல் இந்திய சர்க்கார் தொடங்கிய உணவு பதப்படுத்தும் குறுந்தொழில் திட்டத்தை உதாரணமாகக் கொள்ளலாம். தனிப்பட்டவர் தொழிலுக்குத் தகுதியான செலவில் நூற்றுக்கு 35 வீதம், 10 லட்சம் ரூபாய்க்கு மேற்படாமல், மானியம் விதிக்கப்பட்டது. சுய உதவிக் குழுவினருக்கும் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் இத்திட்டத்தில் இடம் உண்டு. 10 லட்சம் ரூபாயில் எண்ணெய்ச் செக்கு அமைப்பவர் குறைந்தபட்சம் 1 லட்சம் சொந்த முதலிட வேண்டும். எஞ்சியது பாங்குக் கடன். மானியம் 3½ லட்சமும் பாங்கில் தனிக் கணக்கில் வைக்கப்படும். கடைசித் தவணைக் கடன் பெற்று மூன்று வருஷம் கழிந்தபின், தொழில் நடந்துவந்து கடன் தவணையும் ஒழுங்காயிருந்தால் மட்டுமே அது வரவு வைக்கப்படும்.

ஆகவே மானியத்தை இனாமென்று எண்ணிக் கடனிறங்குதல் ஆபத்தாகும். மானியம் கிடைக்காவிடினும் தொழில் நிலைக்குமா என்று சங்கத்தார் முதலில் கணக்கிட வேண்டும். விதிகளைப் படித்து, அனுமதி பெற்ற பின்னரே யந்திரத்துக்குப் பணம் கட்டுதல் நலம். ரசீதுகளையும் கணக்குகளையும் பத்திரப்படுத்துவோரே இவ்வுதவிகளின் முழுப் பயனையும் அடைவர்.