ஆத்தங்குடிக் கல்லும் கணினியின் எல்லையும்

செட்டிநாட்டுப் பெருவீடுகளின் தளங்களை அணிசெய்யும் ஆத்தங்குடிக் கற்களைக் கண்டு வியக்காதவர் இலர். காரைக்குடியை அடுத்த ஆத்தங்குடியில் இவை இன்றும் கையாலேயே செய்யப்படுகின்றன. கண்ணாடித் தகட்டின்மீது இரும்புச் சட்டத்தை வைத்து, அதனுள் பூவேலை அச்சைப் பொருத்தி, வண்ணச் சிமெண்டுக் குழம்பை அறையறையாக ஊற்றுவர். அச்சை எடுத்த பின் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, மேலே கலவையிட்டுச் சமன்செய்து, நீர்த்தொட்டியில் ஊறவைத்து உலர்த்துவர். கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்த பக்கமே பளபளக்கும் மேற்பரப்பாகிறது.

சில கற்களில் ஒரு பூவின் கால் பகுதி மட்டுமே இருக்கும். நான்கு கற்களை முறையாகத் திருப்பி வைத்தால்தான் பூ முழுமை பெறும். ஓரங்கள் பொருந்தாவிடில் கோலம் குலையும். இங்கே ஒரு வினா எழுகிறது. நம்மிடமுள்ள கல்வகைகளைக் கொண்டு, ஓரங்கள் யாவும் பொருந்துமாறு, எல்லையற்ற ஒரு தளத்தை நிரப்ப முடியுமா என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்ல வழி உண்டா? கொத்தனாருக்கு இவ்வினா தேவைப்படுவதில்லை. ஆனால் கணினியால் இயன்றது எது, இயலாதது எது என்பதை அறிஞர்கள் தெளிந்த பாதைகளுள் ஒன்று இவ்வினாவின் வழியே செல்கிறது.

கணக்கிடும் நெறி

கோட்பாட்டுக் கணினியியல் என்பது கணினிப் பொறியைச் செய்யும் கலையன்று. விதிகளைப் படிப்படியாகப் பின்பற்றி எவற்றுக்கு விடை காணலாம், அதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை ஆராயும் கணிதத் துறையாகும். அத்தகைய படிமுறைக்கு உலகம் வழங்கும் பெயர் அல்காரிதம். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதின் பைத்துல் ஹிக்மாவில் பணியாற்றிய அல்குவாரிஸ்மீ, இந்திய எண்முறையை விளக்கி நூல் எழுதினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அது இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டபோது அவர் பெயர் ‘அல்கோரித்மி’ என்று திரிந்தது. அப்பெயரே பின்னர்க் கணக்கிடும் நெறிக்கு ஆகிவந்தது.

1936ஆம் ஆண்டில் ஆங்கிலக் கணித அறிஞர் ஆலன் டூரிங், இந்நெறிக்கும் ஓர் எல்லை உண்டு என்று நிறுவினார். ஏதேனும் ஒரு நிரலைக் கொடுத்தால், அது என்றேனும் முடிவுறுமா அல்லது முடிவின்றி ஓடிக்கொண்டே இருக்குமா என்பதைத் தவறாமல் சொல்லக்கூடிய பொதுவான படிமுறை இருக்கவே முடியாது என்பது அவர் கண்ட உண்மை.

ஹாவோ வாங்கின் கற்கள்

சீனாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய தருக்கவியலறிஞர் ஹாவோ வாங், 1961இல் தளக்கல் வினாவைத் துல்லியமாக வகுத்தார். கற்கள் சதுரமானவை, நான்கு ஓரங்களுக்கும் வண்ணம் உண்டு, ஒரே வண்ண ஓரங்களே ஒன்றையொன்று தொடலாம், கல்லைத் திருப்பலாகாது, ஒவ்வொரு வகையும் வேண்டுமளவு கிடைக்கும். ஒரு கல்தொகுதி தளத்தை நிரப்புமாயின், ஒரே கோலம் மீண்டும் மீண்டும் வருமாறும் அதனால் நிரப்ப இயலும் என்று வாங் கருதினார். அவ்வாறாயின் விடை காணும் படிமுறையும் கிடைத்துவிடும்.

அவருடைய மாணவர் ராபர்ட் பெர்கர் 1966இல் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தைப் பொய்ப்பித்தது. கற்களையே கணினியாக்கியது அவ்வாய்வு. கீழ்வரிசைக் கற்கள் ஒரு கணக்கின் முதற்படியைக் காட்டுவதாகக் கொள்வோம். ஓரங்கள் பொருந்துமாறு அதன்மேல் அடுக்கும் வரிசை இரண்டாம் படியைக் காட்டும். அடுத்தது மூன்றாம் படியை. கணக்கு முடிந்துவிட்டால் அதற்குமேல் வைக்கப் பொருத்தமான கல் இராது. ஆகவே, தளம் நிரம்புமா என்ற வினா, நிரல் முடிவின்றி ஓடுமா என்ற வினாவாகவே மாறிவிடுகிறது. அதற்குப் பொதுவான விடைமுறை இல்லை என்பதை டூரிங் முன்னரே காட்டியிருந்தார். எனவே தளக்கல் வினாவுக்கும் அது இல்லை.

இதனை மிகைப்படுத்திக் கொள்ளலாகாது. ஒரு குறிப்பிட்ட கல்தொகுதியைப் பற்றி ஆராய்ந்து விடை கூறலாம். எல்லாத் தொகுதிகளுக்கும் ஒருங்கே பொருந்தும் முறைதான் இல்லை. எல்லையுள்ள ஒரு கூடத்திற்கு எல்லா அமைப்புகளையும் சோதித்து விடை காணலாம். ஆயினும் 10 வகைக் கற்களை 100 இடங்களில் வைக்கும் வழிகள், 1க்குப் பின் 100 சுழிகள் இட்ட எண்ணாகும். கொள்கையளவில் இயன்றதும் நடைமுறையில் இயலாததாகும் இடம் இது.

இஸ்ஃபஹான் காட்டும் கோலம்

தளத்தை நிரப்பியும் ஒருபோதும் ஒரே கோலத்தை மீட்டு மீட்டு அமைக்கவியலாத கல்தொகுதியைப் பெர்கர் கண்டார். அதில் 20,426 வகைகள் இருந்தன. பின்வந்தோர் எண்ணிக்கையைக் குறைத்தனர். 1974இல் ரோஜர் பென்ரோஸ், சதுரமல்லாத இரண்டே வடிவங்களால் இதைச் செய்து காட்டினார். 2023இல் இங்கிலாந்தின் டேவிட் ஸ்மித்தும் அவருடன் இணைந்த மூன்று ஆய்வாளரும் ஒரே வடிவத்தால் இயலும் என்று நிறுவினர். ஸ்மித் பல்கலைக்கழக ஆசிரியரல்லர். அச்சுத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர்.

முஸ்லிம் கைவினைஞர்களின் சாதனையும் இவ்வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. இஸ்ஃபஹானில் 1453இல் எழுந்த தர்பே இமாம் கட்டடத்தின் சுவர் வேலைப்பாட்டை பீட்டர் லூ, பால் ஸ்டைன்ஹார்ட் ஆகியோர் ஆராய்ந்து 2007இல் கட்டுரை வெளியிட்டனர். ‘கிரிஹ்’ எனப்படும் வடிவங்களைக் கொண்டு அமைந்த அக்கோலம், பென்ரோஸ் அமைப்பை நெருங்கி வருவதை அவர்கள் எடுத்துக்காட்டினர். அக்கைவினைஞர்கள் இன்றைய தேற்றத்தை அறிந்திருந்தனர் என்று இதனால் துணிய முடியாது. சிலவே ஆன வடிவங்களிலிருந்து எளிதில் மீளாத பேரமைப்பை எழுப்பும் திறன் அவர்களிடம் இருந்தது என்று கூறுவதே நேர்மையான மதிப்பீடாகும். அதுவே பெரும் புகழ்தான்.

கோலத்திற்கு ஓர் இலக்கணம்

இத்துறையில் தமிழகத்தின் பங்கு பலரும் அறியாதது. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கணிதப் பேராசிரியை ராணி சிரோமணி, அவர்தம் கணவரும் புள்ளியியல் பேராசிரியருமான கிஃப்ட் சிரோமணி, கமலா கிரித்திவாசன் ஆகிய மூவரும் 1970களின் தொடக்கத்தில் ஒரு புதுவழியை வகுத்தனர். சொற்கள் வரிசையாக அமையும் முறைக்கு நோம் சோம்ஸ்கி கணித இலக்கணம் வகுத்திருந்தார். இவர்கள் அதை ஒற்றை வரியிலிருந்து பரப்புக்கு, அதாவது படங்களுக்கு விரித்தனர். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட சான்று, நம் வாசல்களில் பெண்கள் இடும் கோலம். சிறிய கோலத்திலிருந்து அதே இனத்துப் பெரிய கோலத்தை வளர்த்தெடுக்கும் விதிகளை எழுதிக் காட்டும் அவர்களின் கட்டுரை 1974இல் வெளிவந்தது. படங்களுக்கான இலக்கணம் பற்றிய ஆய்வில் இம்மூவரின் பெயர் முன்னோடிகளாக இன்றும் எடுத்துரைக்கப்படுகிறது.

பயன் என்ன?

இவற்றால் என்ன பயன் என்று கேட்பவர் இருப்பர். ஒரே கோலம் மீளாத அணுவமைப்பு கொண்ட படிகத்தை 1982இல் கண்ட டான் ஷெக்ட்மனுக்கு 2011இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது; அதைப் புரிந்துகொள்ளப் பென்ரோஸின் கோலம் துணைநின்றது. வாங்கின் கற்களைப் போல ஓரம் பொருந்தி ஒட்டிக்கொள்ளும் டி.என்.ஏ. துண்டுகளை எரிக் வின்ஃப்ரீயும் அவர்தம் குழுவினரும் 1998இல் உருவாக்கினர். கணினித் திரையில் புல்வெளியும் நீர்ப்பரப்பும் சலிப்பூட்டும் வகையில் மீளாமல் காட்சிதரவும் அக்கற்கள் பயன்படுகின்றன.

எனினும் மிகப்பெரிய பயன் வேறொன்றாகும். எல்லா நிரல்களையும் சோதித்து, எதிலும் பிழையில்லை என்று தவறாமல் சான்றளிக்கும் நிரல் ஒன்று இருக்க முடியாது என்பதும் டூரிங்கின் முடிவிலிருந்து கிளைக்கும் உண்மையே. மருத்துவம், வங்கிக் கடன், வேலைக்குத் தேர்வு எனப் பலவற்றையும் இன்று இயந்திரத்திடம் ஒப்படைத்து வருகிறோம். ‘கணினி சொல்லிவிட்டது’ என்பது விவாதத்தை முடிக்கும் சொல்லாகிவிடுகிறது. ஆனால் அம்முடிவுக்குப் பொறுப்பேற்க வேண்டியவன் மனிதனே. இதைச் சொல்லத் துணைநிற்பது அறநூல் மட்டுமன்று. கணிதமும் இங்கே துணைநிற்கிறது.

1950இல் சென்னையில் ராமானுஜன் கணித நிறுவனத்தைத் தம் பொருள்கொண்டு நிறுவியவர் கோட்டையூரில் பிறந்து காரைக்குடிக்குக் கல்வி நகரென்ற பெயரை ஈட்டித் தந்த அழகப்பச் செட்டியார். அவர் 1957இல் மறைந்த பின் சென்னைப் பல்கலைக்கழகம் அதனை ஏற்று நடத்தியது. உடனடிப் பயன் ஏதும் காட்டாத தூய கணிதத்திற்கு ஒரு வணிகர் பொருள் வழங்கினார் என்பது எண்ணத்தக்கது. நம் சமுதாயமும் கல்விக்காக வக்ஃபு செய்த மரபை உடையது. கணினித் துறையில் வேலை தேடிக்கொள்ளப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம், அது தேவையே. அவர்களுள் ஒருவருக்கேனும் கோட்பாட்டு ஆய்வில் நாட்டம் எழுமாயின், ‘இதனால் என்ன சம்பாதிப்பாய்?’ என்று கேட்டுத் தடுக்காமல், சில ஆண்டுகள் கவலையின்றிச் சிந்திக்க உதவித்தொகை அளிப்பதும் கல்விக் கொடையேயாகும். இத்துறைக்கு ஆய்வுக்கூடமோ விலையுயர்ந்த கருவியோ பெரிதும் வேண்டுவதில்லை. தாளும் எழுதுகோலும், அவற்றோடு சிந்திக்கும் அவகாசமுமே வேண்டும்.