ஸ்டீராய்டு எடுக்கும்போது கால் ஏன் தளர்கிறது?

இந்திய முறைக் கழிப்பறையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க முடியாமல் தவிப்பது, புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் பலருக்கு முதல் அறிகுறி. சுவரைப் பிடித்து, குழாயைப் பிடித்து எப்படியோ எழுந்து வந்துவிடுவார்கள். கூச்சத்தில் வீட்டில் சொல்ல மாட்டார்கள். அடுத்த சில வாரங்களில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுவது சிரமமாகும். டவுன் பஸ்ஸில் ஏற யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கும். தலை வாரக் கையைத் தூக்கினால் பாதியில் தோள் ஓய்ந்துபோகும், கொடியில் துணி காயப்போட முடியாது. நோய் முற்றிவிட்டதோ என்ற பயம் அப்போதுதான் பிடித்துக்கொள்கிறது.

பல நேரங்களில் இதற்குக் காரணம் நோய் அல்ல. சிகிச்சையில் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்து தசையை இளைக்கச் செய்திருக்கிறது. மருத்துவர்கள் இதை ஸ்டீராய்டு மயோபதி என்பார்கள். இதைக் குறைக்கவும் தேற்றவும் வழி உண்டு. பெரும்பாலானவர்களுக்குப் போன பலம் திரும்பி வரும். ஆனால் சொன்னால்தான் மருத்துவருக்குத் தெரியும்.

ஜிம்மில் உடம்பை ஏற்றுவதற்குச் சிலர் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு வேறு வகை. அது தசையை வளர்ப்பது. இங்கே பேசுவது டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன், மெத்தில்பிரெட்னிசோலோன் போன்ற மருந்துகளைப் பற்றி. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி தினமும் சுரக்கும் கார்டிசோலைப் போலவே இவை வேலை செய்யும், அதைவிடப் பல மடங்கு அதிக அளவில்.

இவற்றைக் காரணமில்லாமல் கொடுப்பதில்லை. மூளைக் கட்டியைச் சுற்றி நீர் கோத்து வீங்கும்போது டெக்சாமெத்தசோன் அந்த வீக்கத்தை வற்ற வைக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டாவிலிருந்து 1961இல் இது பற்றிய அறிக்கை வந்த நாள்முதல், தலைவலியும் மயக்கமுமாக வந்த எத்தனையோ பேர் ஓரிரு நாளில் எழுந்து பேசியிருக்கிறார்கள். லிம்போமா, மைலோமா, குழந்தைகளுக்கு அதிகம் வரும் ஒருவகை ரத்தப் புற்றுநோய் ஆகியவற்றில் ஸ்டீராய்டே புற்றுச் செல்லைக் கொல்லும் மருந்து. கட்டி தண்டுவடத்தை அழுத்தும்போதும், எலும்பு மஜ்ஜை மாற்றத்துக்குப் பிறகும், இம்யூனோதெரபியின் பக்கவிளைவுகளை அடக்கவும் இது தேவைப்படுகிறது. கீமோவின்போது வாந்தி வராமலிருக்க இரண்டு மூன்று நாள் கொடுப்பதும் இதுதான். அந்தச் சில நாள் மருந்தால் தசைக்குப் பெரிய கேடு வருவது அரிது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தினமும் எடுப்பவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும்.

மாத்திரை சின்னதாக இருப்பதை வைத்து அளவை எடைபோடக் கூடாது. 0.75 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன், 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்குச் சமம். அப்படியானால் 4 மில்லிகிராம் டெக்சா மாத்திரை ஒன்று, 25 மில்லிகிராமுக்கும் மேற்பட்ட பிரெட்னிசோலோன். மூளை வீக்கத்துக்குச் சிலருக்கு நாளொன்றுக்கு 16 மில்லிகிராம் வரை கொடுப்பார்கள். அது 100 மில்லிகிராமைத் தாண்டிவிடுகிறது. தினமும் பிரெட்னிசோலோன் 40 மில்லிகிராமுக்கு நிகரான அளவைச் சில வாரம் எடுத்தாலே தசை தளரும் வாய்ப்பு கூடுகிறது. டெக்சாமெத்தசோனுக்கு மற்றவற்றைவிடத் தசையைத் தாக்கும் குணமும் அதிகம்.

தசைக்குள் தினமும் பழைய புரதம் உடைவதும் புதிய புரதம் சேர்வதும் நடந்துகொண்டே இருக்கிறது. உடம்புக்கு நெருக்கடி வந்தால், கார்டிசோல் தசைப் புரதத்தை உடைத்துக் கல்லீரலுக்கு அனுப்பும். அங்கே அது சர்க்கரையாகும். இது உயிரைக் காக்கும் ஏற்பாடு. மருந்தாக நாள்தோறும் அதிக ஸ்டீராய்டு உள்ளே போகும்போது அந்த ஏற்பாடு ஓயாமல் நடக்கிறது. உடைவது கூடி, சேர்வது குறைந்து, வரவைவிடச் செலவு மிகுந்த குடும்பம்போல் தசை கரைகிறது. அதிலும் சட்டென்று விசை கொடுக்கும் நார்கள்தான் முதலில் மெலிகின்றன. உட்கார்ந்த இடத்திலிருந்து எழ, படியேற நாம் நம்பியிருப்பது அந்த நார்களை. தொடையும் இடுப்பும் முதலில் விழுந்து தோள் பின்தொடர்வதற்குக் காரணம் இதுவே.

இதில் வலி இருக்காது, மரத்துப்போகாது. இரண்டு பக்கமும் ஒன்றுபோல் தளரும். கைப்பிடியும் பாதமும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். எடையும் குறையாமல் இருக்கலாம். ஸ்டீராய்டில் பசி கூடும், முகம் உப்பும், வயிறு பருக்கும். "முகம் நல்லா பூசினாப்ல இருக்கே, தேறிட்டீங்க" என்று பார்க்க வருபவர்கள் சந்தோஷப்படும் அதே நாட்களில் வேட்டிக்குள், சேலைக்குள் தொடை மெலிந்துகொண்டிருக்கும்.

ரத்தப் பரிசோதனையிலும் இது பிடிபடுவதில்லை. தசை சிதையும்போது ஏறும் நொதியின் அளவு இந்நோயில் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். நோயாளி சொல்வதைக் கேட்டு, எழவும் நடக்கவும் சொல்லிப் பார்த்துத்தான் மருத்துவர் முடிவுக்கு வருகிறார். அதனால் ஓ.பி.யில் "களைப்பா இருக்கு டாக்டர்" என்று மட்டும் சொன்னால் போதாது. கீமோ எடுக்கும் எல்லோருக்கும் களைப்பு உண்டு. "மூணு வாரமா கையை ஊன்றாம நாற்காலியிலிருந்து எழ முடியல" என்று சொல்லுங்கள். வீட்டிலேயே வாரம் ஒருமுறை பார்க்கலாம்: பின்னால் சுவரில் முட்டுக்கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். எத்தனை விநாடி ஆனது, கை ஊன்ற வேண்டியிருந்ததா என்று குறித்து வைத்தால் மருத்துவருக்கு அதைவிட நல்ல தகவல் இல்லை.

எல்லாத் தளர்ச்சியையும் ஸ்டீராய்டின் தலையில் கட்டிவிடவும் கூடாது. கால் திடீரென்று வலுவிழந்தால், அதோடு முதுகு வலித்தால், உட்காரும் இடம் மரத்தால், சிறுநீரோ மலமோ போகாமல் நின்றால் அல்லது அடக்க முடியாமல் போனால், கட்டி தண்டுவடத்தை அழுத்துகிறதோ என்று பார்க்க வேண்டும். மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு பக்கக் கை கால் மட்டும் தளர்ந்தாலும் அப்படியே. பாதம் எரிந்து, மரத்து, நடக்கும்போது நுனி தொய்ந்தால் அது வின்கிரிஸ்டின் போன்ற கீமோ மருந்து நரம்பைத் தாக்கியதாக இருக்கலாம். தொடை இடுக்கில் வலி என்றால், ஸ்டீராய்டால் இடுப்பு மூட்டு எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறதா என்று சோதிப்பார்கள். பொட்டாசியம் குறைவு, ரத்தசோகை, தைராய்டு ஆகியவையும் பலத்தைக் குறைக்கும். மட்டமாகப் படுத்தால் மூச்சு வாங்குவது, சளியை இருமித் தள்ள முடியாமை ஆகியவை மூச்சுத் தசையும் தளர்வதைக் காட்டலாம், அதையும் மறைக்காதீர்கள்.

இவ்வளவு படித்தவுடன் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று தோன்றினால், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மூன்று வாரத்துக்கு மேல் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்தால், உடம்பின் சொந்தச் சுரப்பி வேலையைக் குறைத்துக்கொண்டுவிடும். மருந்து திடீரென்று நின்றால் ரத்த அழுத்தம் விழும், வாந்தி வரும், மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். மூளை வீக்கம் மறுபடி ஏறும். வாந்தியால் மாத்திரை உள்ளே தங்காவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும்.

குறைப்பது மருத்துவரின் வேலை, கேட்பது உங்கள் உரிமை. "இந்த அளவு இன்னும் வேணுமா? எப்போ குறைப்பீங்க?" என்று கேட்கத் தயங்காதீர்கள். நெதர்லாந்தில் மூளைக்குப் பரவிய புற்றுநோய் உள்ளவர்களிடம் செய்து 1994இல் வெளியான ஆய்வில், உடனடி ஆபத்து இல்லாதவர்களுக்கு நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் டெக்சா கொடுத்த பலனும் 16 மில்லிகிராம் கொடுத்த பலனும் ஒரு வாரத்துக்குப் பின் ஒன்றாகவே இருந்தன; தசைத் தளர்ச்சி முதலான தொந்தரவுகள் 16 மில்லிகிராமில்தான் கூடுதல். மைலோமாவில் இன்னும் தெளிவான பாடம் கிடைத்தது. லெனலிடோமைடு மருந்தோடு, மாதத்தில் 12 நாள் 40 மில்லிகிராம் டெக்சா எடுத்தவர்களையும் வாரம் ஒரு நாள் மட்டும் எடுத்தவர்களையும் ஒப்பிட்டார்கள். 2010இல் வெளியான முடிவின்படி, ஓராண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் முதல் பிரிவில் 87 சதவீதம், குறைவாக எடுத்த பிரிவில் 96 சதவீதம். சிலருக்கு டெக்சாவிலிருந்து பிரெட்னிசோலோனுக்கு மாற்றுவதும் உண்டு.

குறைக்கச் சொல்லி மருத்துவர் தேதி போட்டுக் கொடுத்தால் அதைக் காலண்டரில் எழுதி வையுங்கள். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் அதே மாத்திரையைத் தொடர்ந்து வாங்கிப் போடும் பழக்கம், தேவை முடிந்த பின்னும் பலரின் தசையைக் கரைக்கிறது.

நம் குடும்பங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நோயாளியை அசையவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அன்பு என்று நாம் பழகியிருக்கிறோம். "நீ படும்மா, நான் எடுத்துத் தர்றேன்" என்று தண்ணீர்ச் செம்பைக்கூடக் கைக்குக் கொண்டுபோகிறோம். மனசு நல்லதுதான். ஆனால் படுத்தே கிடக்கும் தசை தன்னாலேயே இளைக்கும். ஸ்டீராய்டு ஒரு பக்கம், படுக்கை ஒரு பக்கம் என்று இரட்டை இழப்பாகிவிடும். சிறுநீரகம் மாற்றிக்கொண்டு பிரெட்னிசோன் எடுத்தவர்களுக்குத் தொடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்த 1980களின் ஆய்வில், மருந்தை நிறுத்தாமலே தொடையின் பலம் தேறியது. செம்பை எடுத்துக் கொடுப்பதைவிட, அவர் எழுந்து போய் எடுக்கும்போது கூடவே நடந்து போவது மேல்.

தொடங்கும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எலும்புக்கு நோய் பரவியிருந்தால், ரத்தத் தட்டணு குறைந்திருந்தால் சில பயிற்சிகள் கூடாது. காய்ச்சல் நாளில் எதுவுமே வேண்டாம். மற்றபடி, உயரமான நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதே முதல் பயிற்சி. ஐந்து முறை, சற்று ஓய்வு, மறுபடி ஐந்து. பலம் வர வரத் தாழ்ந்த நாற்காலிக்கு மாறலாம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் தூக்கி இறக்குவது தொடைக்கும் புட்டத்துக்கும் நல்லது. சுவரில் உள்ளங்கையை ஊன்றி முழங்கையை மடக்கி நிமிர்வதும், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தோள் உயரத்துக்குத் தூக்குவதும் கைக்குப் போதும். ஒரே மூச்சில் செய்யாமல், நாளில் மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். செய்யும்போது பேச முடிகிற அளவே சரியான அளவு. மறுநாள் எழவே முடியாதபடி அசதி வந்தால் முந்தைய நாள் அதிகமாகிவிட்டது என்று பொருள்.

விழாமல் காப்பது பயிற்சிக்கு நிகரான வேலை, ஏனென்றால் ஸ்டீராய்டு எலும்பையும் மெலிய வைக்கிறது. வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாத வீட்டில் கமோடு நாற்காலி ஒன்று வாங்குங்கள். கழிப்பறைச் சுவரில் ஸ்டீல் கைப்பிடியை உறுதியாகப் பதியுங்கள்; துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழுந்தால் அது கையோடு வந்துவிடும். பாயிலிருந்து கட்டிலுக்கு மாறுங்கள். மருந்தால் சர்க்கரை ஏறினால் இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழ வேண்டிவரும், அதனால் நடைவழியில் சிறு விளக்கு எரியட்டும். எழும்போது நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து, பாதத்தைப் பின்னுக்கு இழுத்து, உடம்பை முன்னால் சாய்த்து எழ வேண்டும். உதவுபவர் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, அந்தத் தோளும் பலவீனமானது, இடுப்பைத் தாங்குங்கள்.

சாப்பாட்டில் நம் வழக்கமான குறை புரதம். நோயாளி என்றதும் கஞ்சியும் ரசம் சாதமும்தான் நினைவுக்கு வருகின்றன. புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம், ஒரு டம்ளர் பாலிலும் அவ்வளவே. வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் 8 அல்லது 9 கிராம், மீன் 100 கிராமில் 20 கிராம் அளவில். ஒரே வேளையில் சேர்த்துச் சாப்பிடாமல் மூன்று வேளைக்கும் பிரியுங்கள்: காலையில் இட்லியோடு முட்டை, மாலையில் சுண்டல், இரவில் பால். மைலோமா போன்ற நோயில் சிறுநீரகம் பாதித்திருந்தால் அளவை மருத்துவரே சொல்ல வேண்டும். சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டும். காலையில் எடுக்கும் ஸ்டீராய்டால் சர்க்கரை மதியத்துக்கு மேல்தான் ஏறும், வெறும் வயிற்றுப் பரிசோதனை மட்டும் பார்த்தால் தெரியாமல் போகும்.

மருந்து குறைந்த சில வாரங்களில் தேற்றம் தொடங்கும். முழுப் பலம் வர மாதங்கள் ஆகும், சிலருக்கு ஓராண்டுகூட. ஸ்டீராய்டைத் தொடர்ந்தே ஆக வேண்டியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இருக்கும் பலத்தைக் காப்பதற்கே இந்தப் பயிற்சி தேவை. மருத்துவமனைக்கு அலைய முடியாதவர்கள், தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதைப் பற்றி உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். அடுத்த ஓ.பி. நாளில் மாத்திரைப் பட்டையையும், எழுந்து உட்கார்ந்த விநாடிகளைக் குறித்த தாளையும் கையோடு எடுத்துப் போய், மருத்துவர் கேட்பதற்கு முன்பே நீங்களே சொல்லுங்கள்.