பெயர் இல்லாத புருஷன்!

ஜமுனாமரத்தூர், ஜவ்வாது மலையில் இருக்கும் ஊர். திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்தது. சாமையும் தேனும் புளியும் அந்த மலையின் செல்வங்கள். விளைச்சல் குறைந்தால் வாலிபர்கள் மூட்டை கட்டுவார்கள். பஸ் ஏறிக் கீழே இறங்குவார்கள். வேலை கிடைத்த ஊரில் மாதக் கணக்கில் தங்குவார்கள்.

இப்படி வெளியூரில் தங்கும் ஆண்கள் தமிழ்நாடு முழுவதும் உண்டு. லாரி ஓட்டுகிறவர், கட்டட வேலை செய்கிறவர், வியாபாரி என்று பல பேர். அவர்களில் சிலருக்குத் திருநங்கைகளோடு பழக்கம் ஏற்படுகிறது. உள்ளூரை விட்டு நகராதவர்களிலும் அப்படிச் சிலர் உண்டு. ஒரு நாள் வந்து போகிறவரும் இருக்கிறார். ஆண்டுக் கணக்கில் புருஷனாகவே வாழ்கிறவரும் இருக்கிறார். சிலருக்கு ஊரில் மனைவி, மக்களும் உண்டு.

"எனக்கு என்ன?"

திருநங்கைகளுக்குத் தமிழக அரசு 2008-ல் நல வாரியம் அமைத்தது. 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு அவர்களின் உரிமையை ஏற்றது. ஆனால், அவர்கள் பக்கத்தில் நிற்கும் ஆண் யார்?

எய்ட்ஸ் தடுப்பு ஊழியர் ஒரு துண்டுப் பிரசுரம் கொடுக்கிறார். "ஆணோடு உறவு கொள்ளும் ஆண்களுக்கு" என்று அதில் இருந்தால், இவர் வாங்க மாட்டார். திருநங்கையை இவர் பெண்ணாகவே நினைக்கிறார். தம்மை எல்லோரையும் போன்ற ஆண் என்று நினைக்கிறார். அதில் தவறு இல்லை. ஆனால், "இந்த நோய் எனக்கு வராது" என்று பரிசோதனைக்கும் போகாமல் இருந்துவிடுகிறாரே, அங்கேதான் ஆபத்து!

ஆணுறை இல்லாத உறவில் எச்.ஐ.வி. கிருமி பரவும். ஆசனவாய் வழி உறவில் ஆபத்து இன்னும் அதிகம். அங்கே உள்ள சவ்வு மிக மெல்லியது. திருநங்கையிடமிருந்து ஆணுக்கு வரலாம். ஆணிடமிருந்து திருநங்கைக்கும் போகலாம். பிறகு ஊரில் இருக்கும் மனைவிக்கும், வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் போகலாம். ஆண்டுக் கணக்கில் வெளியே தெரியாது.

கோர்ட்டு கொடுத்த பெயர்

தூத்துக்குடியில் 2018-ல் ஒரு வாலிபர் திருநங்கை ஒருவரைக் கோவிலில் மணந்தார். திருமணத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்தார்கள். வழக்கு மதுரை ஐகோர்ட்டுக்குப் போனது. 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. "மணமகள்" என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம். பதிவு செய்ய வேண்டும் என்றது கோர்ட்டு. அந்த வாலிபருக்குச் சட்டப்படி ஒரு பெயர் கிடைத்தது: கணவன்!

கணவன் என்று சொல்லிக்கொள்ள முடிந்தவர், மனைவியோடு ஆஸ்பத்திரிக்கு வர முடியும். ஒளிந்து வாழ்கிறவர் எப்படி வருவார்?

மருந்து இருக்கிறது

இந்தியாவில் இந்தக் கிருமி முதன்முதலில் சென்னையில்தான் தெரியவந்தது. ஆண்டு 1986. கண்டறிந்தவர்கள் டாக்டர் சுனிதி சாலமனும், டாக்டர் நிர்மலாவும். அன்று நோயாளிக்குக் கொடுக்க மருந்து இல்லை. 2004 முதல் அரசு இலவசமாக மருந்து தருகிறது. தினமும் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்த நிலை நீடித்தால், உறவின் மூலம் அது மற்றவருக்குப் பரவாது.

செய்ய வேண்டியது என்ன? ஒவ்வொரு முறையும் ஆணுறை அணிய வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் உள்ள நம்பிக்கை மையத்தில் இலவசமாக ரத்தப் பரிசோதனை செய்யலாம். பாதுகாப்பு இல்லாமல் உறவு நேர்ந்துவிட்டால், 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்க்க வேண்டும். தடுப்பு மருந்து உண்டு. சந்தேகம் இருந்தால் 1097 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம், கட்டணம் இல்லை.

"உள்ளூரில் போனால் எல்லோருக்கும் தெரிந்துவிடுமே!" என்று மலை வாலிபர் அஞ்சலாம். அவர் திருவண்ணாமலைக்குப் போகலாம். ரகசியத்தைக் காக்க வேண்டும் என்று 2017-ல் சட்டமே வந்திருக்கிறது. சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கவும் கூடாது.

தம்மை எந்தப் பெயரால் அழைத்துக்கொள்வது என்பது அவர் விருப்பம். அதை முடிவு செய்யும் வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த பஸ்ஸில் புறப்படட்டும்!