மிதிவண்டியை எண்ணும் கம்பிச் சுருள்

ஒரு பாலத்தை ஒரு நாளில் எத்தனை மிதிவண்டிகள் கடக்கின்றன? ஆளை நிறுத்தி எண்ணலாம். மழை வந்தால் அவர் ஒதுங்கிவிடுவார்! கணக்கில் வராத வண்டிக்குப் பாதை போட எந்த நகராட்சியும் தயங்கும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில், ஃபிரிமாண்ட் பாலத்தின் இரு ஓரப் பாதைகளிலும் 2012 அக்டோபரில் இவ்வேலையைக் கம்பிச் சுருள்களிடம் ஒப்படைத்தார்கள்.

தரைக்குள் புதைத்த சுருளில் மாறுதிசை மின்னோட்டம் பாய்கிறது. அதைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகிறது. சக்கரத்தின் உலோக விளிம்பு மேலே வந்ததும் அவ்வுலோகத்தில் சுழல் மின்னோட்டங்கள் தோன்றிப் புலத்தை எதிர்க்கின்றன. சுருளின் மின்தூண்டல் திறன் சற்றே குறைகிறது. சுற்றின் அதிர்வெண் கூடுகிறது. உடனே கருவி 'ஒன்று' என்று குறித்துக்கொள்கிறது. கவனியுங்கள்: இது எடையை அறிவதன்று. ஆகவே நடந்து செல்பவர் கணக்கில் சேரமாட்டார். கரியிழை விளிம்புள்ள சக்கரத்தை உணர்வதும் இதற்குச் சற்றுக் கடினமே.

2019-ஆம் ஆண்டில் அங்கே பதிவான எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியது. அது கடப்புகளின் கணக்கு, ஆட்களின் கணக்கன்று. காலையில் சென்று மாலையில் திரும்புபவர் இரண்டாகப் பதிவாவார். அவர் காரை வீட்டில் விட்டு வந்தவரா, முன்பு பேருந்தில் போனவரா? புகை எவ்வளவு குறைந்தது என்று கணக்கிட அதுவும் தெரியவேண்டும். சுருள் அதைச் சொல்லாது, பயணியைத்தான் கேட்கவேண்டும்.