பளபளப்பு வேற, ப்ரூஃப் வேற: திண்ணனூர் நாட்டில் ஒரு வெள்ளி டாலர்

இந்த வாரம் நம்ம வழக்கமான டெக் பேச்சுக்கு லீவு. போன மாசம் கொல்லிமலை போயிருந்தேன். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, திண்ணனூர் நாட்டில் சொந்தக்கார அக்கா ஒருத்தர் வீட்டில் தங்கினேன். ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் அக்கா சுருக்குப்பையிலிருந்து ஒரு பெரிய வெள்ளிக் காசை எடுத்து நீட்டினார்.

"தம்பி, நீ கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறவன்தானே? இது என்ன விலை போகும்னு பாத்துச் சொல்லு."

விஷயம் இதுதான். போனில் விளம்பரம் பார்த்து காசின் போட்டோவை அனுப்பியிருக்கார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஆள், "இது ப்ரூஃப் டாலர், கண்ணாடி மாதிரி மின்னுது, 12 லட்சம் போகும். பதிவுக் கட்டணம் 5,000 மட்டும் முதல்ல அனுப்புங்க" என்று சொல்லியிருக்கான். மிளகு விற்ற பணம் வீட்டில் இருக்கு. விடிஞ்சதும் அனுப்பறதா இருந்தாங்க. சரி, அதுக்கு முன்னாடி காசைப் பார்ப்போம்னு உட்கார்ந்தோம்.

முதலில், இது என்ன காசு? ஒரு பக்கம் சூலமும் கேடயமும் பிடிச்சு நிற்கும் பிரிட்டானியா. மறுபக்கம் சீன எழுத்திலும், அரபு வடிவில் எழுதிய மலாயிலும் 'ஒரு டாலர்'. இதுக்குப் பேர் பிரிட்டிஷ் வர்த்தக டாலர். 1895 முதல் நம்ம பம்பாய் நாணயச்சாலையில்தான் பெரும்பாலும் அடிச்சாங்க. ஹாங்காங், சீனா, மலாயா பக்கத்து வியாபாரத்துக்காக அடிச்ச காசு. சூலத்தின் நடு முனையில் பொடியா ஒரு 'பி' இருந்தால் பம்பாய். மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்கள் டாலரை 'வெள்ளி' என்று சொல்வது இந்த மாதிரி வெள்ளிக் காசுகள் புழங்கிய காலத்து வழக்கு.

அடுத்து, ப்ரூஃப் என்றால் என்ன? இங்கேதான் எல்லாரும் குழம்புறாங்க. ப்ரூஃப் என்பது காசின் இப்போதைய நிலைமையைச் சொல்லும் சொல் இல்லை, அதைத் தயாரிச்ச முறையைச் சொல்லும் சொல். அச்சையும் வெறும் தகட்டையும் தனியா மெருகேற்றி, கூடுதல் அழுத்தத்தில், பெரும்பாலும் ஒரு முறைக்கு மேல் அடிப்பாங்க. அதனால் தரைப்பகுதி கண்ணாடி மாதிரி இருக்கும், எழுத்தின் ஓரம் கத்தி மாதிரி நிற்கும். இப்படிப் பிறந்த காசு பின்னாடி தேய்ஞ்சாலும் ப்ரூஃப்தான். சாதாரணமாப் பிறந்த காசை எவ்வளவு தேய்ச்சு மினுக்கினாலும் அது ப்ரூஃப் ஆகாது.

அமெரிக்காவின் 1895 மார்கன் டாலர் இதுக்கு நல்ல உதாரணம். சேகரிப்பாளர்களுக்காக அடிச்சது 880 ப்ரூஃப் காசு. புழக்கத்துக்கு 12,000 அடிச்சதாக் கணக்கு இருக்கு, ஆனால் அதில் ஒன்றுகூட இதுவரை கண்ணில் படலை. அதனால் தேய்ஞ்ச ப்ரூஃப் கிடைச்சால்கூடப் பல ஆயிரம் டாலர் போகும்.

இப்போ அக்காவின் காசுக்கு வருவோம். வீட்டிலேயே செய்யக்கூடிய மூணு சோதனை செஞ்சோம்.

ஒன்று, எடை. வர்த்தக டாலரின் எடை 26.95 கிராம், வெள்ளி 90 சதவீதம், விட்டம் சுமார் 39 மில்லிமீட்டர். பக்கத்து வீட்டில் காப்பிக்கொட்டை நிறுக்க வெச்சிருந்த சின்ன டிஜிட்டல் தராசில் 26.6 காட்டுச்சு. தேய்மானத்துக்கு இது சரி.

ரெண்டு, தண்ணீர். தராசில் தண்ணீர் டம்ளரை வெச்சு பூஜ்யம் ஆக்குங்க. காசை நூலில் கட்டி, அடியில் படாம, முழுசா முங்க விடுங்க. நிஜ வெள்ளி டாலர் என்றால் 2.6 கிராம் பக்கம் காட்டும். இதே எடையில் செம்பு, நிக்கல் கலந்த போலி என்றால் 3 கிராம் பக்கம் போயிடும். அக்காவுக்கு 2.6. வெள்ளிதான்!

மூணு, லென்ஸ். இங்கேதான் கதை மாறுச்சு. பிரிட்டானியாவின் கையும் கேடயத்தின் கோடும் மழுங்கிப் போயிருக்கு. தரை மின்னுது, ஆனால் ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள். எழுத்து இடுக்கில் மட்டும் கறுப்பு. மேல் விளிம்பில் அரம் போட்ட தடம்.

"அக்கா, இதை என்ன பண்ணீங்க?"

"பாட்டி கழுத்துல டாலரா தொங்குச்சு தம்பி. வளையம் உடைஞ்சதும் ஆசாரி ராவிக் கொடுத்தாரு. பொங்கலுக்குப் பொங்கல் புளி போட்டு தேய்ச்சு வெப்போம்."

ஆக, நம்ம ஊர் அர்த்தத்தில் இது நிஜமாவே டாலர்! ஆனால் புழக்கத்துக்கு அடிச்ச காசு. மின்னுறது புளியால்.

நிஜமாவே கண்ணாடித் தரையோடு ஒரு வர்த்தக டாலர் கிடைச்சாலும் இன்னொரு கேள்வி இருக்கு. பம்பாய் நாணயச்சாலை பழைய அச்சுகளை வெச்சு சேகரிப்பாளர்களுக்கு மறுஅச்சு ப்ரூஃப்களும் அடிச்சுக் கொடுத்துச்சு. அந்தப் பழக்கம் 1970 வாக்கில் நின்றது. அதுவும் நாணயச்சாலைக் காசுதான், போலி இல்லை. ஆனால் அந்த வருஷத்திலேயே அடிச்ச அசலைவிடப் பொதுவா விலை குறைவு. அதனால் 'ப்ரூஃபா?' என்பதோடு 'எப்போ அடிச்ச ப்ரூஃப்?' என்றும் கேட்கணும்.

விலைக்கு அடிமட்டம் வெள்ளி. 26.95 கிராமில் 90 சதவீதம் என்றால் சுமார் 24 கிராம் சுத்த வெள்ளி. அன்றைய விலையால் பெருக்குங்க. அதுக்கு மேல் கிடைக்கிறது வருஷம், அரிது, நிலைமை இந்த மூணுக்கும். வளையம் வெச்ச, தேய்ச்சுக் கழுவின காசுக்கு அந்த மேல்தொகை கிட்டத்தட்டப் போயிடும்.

புதுசா சேகரிக்க ஆசையா? அரசு நாணயச்சாலைகள் நினைவு நாணயங்களைப் பெட்டியோடு விற்கிறாங்க. தஞ்சைப் பெரிய கோயிலின் 1000 ஆண்டு நினைவாக வந்த 1000 ரூபாய் காசு 35 கிராம், 80 சதவீதம் வெள்ளி. சாதா, ப்ரூஃப் என ரெண்டு வகை வரும்போது முத்திரையைப் பாருங்க. மும்பை ப்ரூஃப்களில் பொதுவா 1995 வரை 'பி', பிறகு 'எம்'. சாதாவில் வைர வடிவம். பெட்டியோடு வைங்க, ஓரத்தில் மட்டும் பிடிங்க, துணியால்கூடத் துடைக்காதீங்க.

இன்னொன்று. 100 வருஷம் தாண்டின காசு 1972 தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். தரச்சான்று வாங்கறதுக்கு என்று சொல்லி இஷ்டத்துக்கு வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

கடைசியா அந்த 5,000. பழைய காசு, நோட்டு வாங்க விற்க எங்கள் பெயரைச் சொல்லி யார் கட்டணம் கேட்டாலும் நம்பாதீங்க என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட் 4 அன்று எச்சரிச்சிருக்கு. காசு வாங்க வருபவர் உங்களுக்குப் பணம் தரணும், உங்களிடம் கேட்கக் கூடாது. இது ஒன்றை ஞாபகம் வெச்சாலே போதும்.

விடிஞ்சதும் அந்த ஆளிடமிருந்து போன் வந்துச்சு. அக்கா எடுத்து, "எங்க பாட்டி டாலரு, விக்கலீங்க" என்று சொல்லி வெச்சுட்டார். என் பக்கம் திரும்பி, "புது வளையம் வெச்சா பரவாயில்லையா?" என்றார். "தாராளமா வைங்கக்கா" என்றேன். விலை எப்பவோ போயாச்சு. இனி அது போட்டுக்கிற டாலர்தானே!

அடுத்த வாரம் பார்ப்போம். உங்க வீட்டுப் பெட்டியிலும் இப்படி ஏதாவது இருந்தால், புளியை எடுக்கறதுக்கு முன்னாடி லென்ஸை எடுங்க.