எலுமிச்சைத் தோட்டத்தில் வண்ணத்துப்பூச்சி: பகை எது? அப்பாவி எது?

ஆலங்குளம் சுற்றுவட்டாரத்தில் கிணற்றுப் பாசனத்தில் எலுமிச்சை வைத்திருப்போர் தோட்டத்தில் கறுப்பு வண்ணத்துப்பூச்சிகள் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். இவையெல்லாம் பயிருக்குப் பகை அல்ல. அடையாளம் தெரிந்தால் வீண் மருந்துச் செலவு மிச்சமாகும்.

எலுமிச்சை அழகி

கறுப்பு இறக்கையில் வெளிர்மஞ்சள் புள்ளிகள் நிறைந்திருக்கும். பின் இறக்கையின் உள்மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி உண்டு. வால் கிடையாது. ஆசியாவைச் சேர்ந்த இப்பூச்சி, கடல் கடந்து 2004ஆம் ஆண்டில் கரீபியன் தீவு நாடான டொமினிகன் குடியரசிலும் காணப்பட்டது. எலுமிச்சை வகை மரங்கள் உள்ள இடமெல்லாம் இதற்குப் புகலிடமே.

கறிவேப்பிலை அழகி

இதன் ஆண் பூச்சி கறுப்பு; பின் இறக்கையின் குறுக்கே வெள்ளைப் புள்ளி வரிசை இருக்கும். பெண் பூச்சிகளில் சில, இறக்கையில் வெள்ளைப் பட்டையும் சிவப்புப் புள்ளிகளும் கொண்டு வேறொரு இனத்தைப் போலவே வேடமிடும்.

சிவப்புடல் அழகி

அந்த வேடத்தின் அசல் இதுவே. இந்தியாவிலும் இலங்கைத் தீவிலும் காணப்படுவது. கரிசல் வரப்புகளில் வளரும் ஆடுதீண்டாப்பாளைதான் இதன் புழுவுக்கு உணவு. அந்தச் செடியின் நஞ்சு பூச்சியின் உடலிலும் சேர்வதால் பறவைகள் இதைத் தின்பதில்லை. இது எலுமிச்சையில் முட்டையிடாது.

இறக்கையைப் பார்த்து ஏமாற வேண்டாம், உடலைப் பாருங்கள். உடல் சிவப்பாக இருந்தால் அப்பாவி. வேடதாரியின் உடல் கறுப்பாகவே இருக்கும்.

புழுவும் சேதமும்

முதலிரண்டு இனங்களும் எலுமிச்சைத் தளிரில் தனித்தனியாக உருண்டை முட்டையிடும். இளம்புழு பறவை எச்சம் போலிருக்கும், வளர்ந்ததும் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னால் கவை போன்ற உறுப்பை நீட்டி நாற்றம் வீசும். நாற்றங்காலிலும் இளங்கன்றுகளிலும் நடுநரம்பு மட்டும் மிஞ்சும்படி இலையைத் தின்றுவிடும். வளர்ந்த மரம் சிறு சேதத்தைத் தாங்கிக்கொள்ளும்.

செய்ய வேண்டியவை

1. துளிர் விடும் காலத்தில் கன்றுகளை அடிக்கடி பார்வையிட்டு, முட்டையையும் புழுவையும் கையால் பொறுக்கி அழியுங்கள். கன்றுகள் குறைவாக இருந்தால் இதுவே போதும்.

2. புழு மிகுந்தால் பி.டி. நுண்ணுயிர் மருந்தை, உறையில் குறித்துள்ள அளவில், புழு சிறிதாக இருக்கும்போதே மாலையில் தெளியுங்கள்.

3. பூச்சி பறப்பதைக் கண்டதும் நச்சு மருந்து அடிக்காதீர்கள். முட்டையையும் புழுவையும் அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளும் அதனால் மடியும்.

அடுத்த முறை கறுப்புப் பூச்சி கண்ணில் பட்டால் தெளிப்பானை எடுக்குமுன் தளிரைப் புரட்டிப் பாருங்கள். அங்கே புழு இருந்தால்தான் வேலை.